அதுக்கு எல்லாம் தெரியும்

நாய் பழக்குபவர்கள் சொல்லும் பொய்களில் ஆகப் பெரியது மூன்று சொற்களில் அடங்கிவிடும்: ‘அதுக்கு எல்லாம் தெரியும்.’ நாய் சொன்னதைச் செய்யாதபோது இதைச் சொல்வார்கள். தெரிந்திருந்தும் செய்யவில்லை, ஆகவே திமிர். திமிர் என்றால் அடக்கணும். ஒரு சின்ன வாக்கியத்துக்குள் குற்றப்பத்திரிகை, விசாரணை, தீர்ப்பு எல்லாம் முடிந்துவிடுகிறது. ‘அடியாத மாடு படியாது’ என்று நம்மூரில் நேராகவே சொல்லிவிடுகிறோம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதையே கொஞ்சம் நாசூக்காகச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்தப் பொய்யைக் கையும் களவுமாகப் பிடிக்க உலகத்தில் ஒரு நல்ல இடம் இருக்கிறது. பன்னிரண்டு அடிப் பலகை ஒன்றின் கடைசி மூன்றடி.

அஜிலிட்டி என்ற விளையாட்டை ரீல்ஸில் பார்த்திருப்பீர்கள். பார்டர் காலி ஒன்று கம்பங்களைத் தாண்டி, துணிக்குழாய்க்குள் புகுந்து, வரிசையாக நட்ட குச்சிகளுக்கு இடையே வளைந்து வளைந்து ஓடும். கூடவே ஒரு மனிதர் கையை ஆட்டிக்கொண்டு மூச்சிரைக்க ஓடுவார். 1978ல் லண்டனில் நடந்த கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், ஒரு நிகழ்ச்சிக்கும் இன்னொன்றுக்கும் நடுவே கூட்டத்தைப் பிடித்து உட்காரவைக்க ஏதாவது வேண்டியிருந்தது. ஏற்பாட்டுக் குழுவில் இருந்த ஜான் வார்லி, பீட்டர் மீன்வெல் என்ற பயிற்சியாளரைச் சேர்த்துக்கொண்டு, குதிரைகளின் தடைதாண்டும் போட்டியை நாய்களுக்கு மாற்றிப் போட்டார். இடைவேளை நிரப்ப வந்தது, இரண்டே வருடத்தில் பிரிட்டிஷ் கென்னல் கிளப்பின் அங்கீகாரம் வாங்கியது. 1996லிருந்து எஃப்.சி.ஐ. அமைப்பு உலக சாம்பியன்ஷிப்பே நடத்துகிறது.

தடைகளில் மூன்றுக்கு மட்டும் ‘காண்டாக்ட்’ என்று தனிப்பெயர். ஏ-ஃப்ரேம், கூடாரம் மாதிரி சாய்த்து வைத்த இரண்டு அகலப் பலகைகள். டாக் வாக், ஏறுவதற்கு ஒன்று, மேலே ஒன்று, இறங்குவதற்கு ஒன்று என மூன்று பலகைகள் சேர்ந்த ஒரு பாலம். அகலம் வெறும் 30 செ.மீ., உயரம் 1.2 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. மூன்றாவது சீசா, அதில் பலகை சாய்ந்து தரையைத் தொடும்வரை எந்த நாயும் காத்துத்தான் ஆகணும், அதனால் அதை இங்கே விட்டுவிடுவோம். டாக் வாக்கின் அடிப்பகுதியில் 90 செ.மீ.க்கு வேறு நிறம் அடித்திருப்பார்கள், பெரும்பாலும் மஞ்சள். நாய் இறங்கும்போது ஒரு காலின் ஒரு விரலாவது அந்த மஞ்சளில் பட வேண்டும். படாவிட்டால் எஃப்.சி.ஐ. போட்டிகளில் 5 ஃபால்ட். அமெரிக்கன் கென்னல் கிளப் போட்டிகளில் அந்த ஓட்டமே தகுதி இழக்கும்.

விதி வந்தது நாயின் பாதுகாப்புக்காக. மேலேயிருந்து ஒரே தாவாகத் தாவி எலும்பை உடைத்துக்கொள்ளாமல், கீழ்வரை ஓடி இறங்கட்டும் என்பதற்காக. இதை நினைவில் வையுங்கள். பாதுகாப்புக்கு என்று அடித்த பெயிண்டை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருடமாக நாயைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

மஞ்சளைத் தொடவைக்க முதலில் கண்டுபிடித்த வழி, நிறுத்துவது. பின்னங்கால் இரண்டும் பலகையில், முன்னங்கால் இரண்டும் தரையில் வைத்து நாய் உறைந்து நிற்கும். ஹேண்ட்லர் விடுதலைச் சொல்லைச் சொன்னால்தான் நகரும். ‘டூ ஆன், டூ ஆஃப்’ என்பார்கள். தெளிவான வழிதான், நாய்க்கும் புரியும், நடுவருக்கும் சந்தேகம் வராது. விலை, நேரம். பாய்ந்து வந்த நாய் பிரேக் போட்டு, நின்று, மறுபடி கிளம்ப வேண்டும். நூறில் ஒரு பங்கு நொடியில் பதக்கம் கைமாறும் விளையாட்டில் இது பெரிய தொகை.

இன்னொரு வழி, ஓடவிடுவது. நிற்காமல், வேகம் குறைக்காமல், ஓடுகிற ஓட்டத்திலேயே மஞ்சளில் கால் படும்படி பழக்குவது. ‘ரன்னிங் காண்டாக்ட்’ என்று பெயர். ஸ்லோவேனியாவைச் சேர்ந்த உலக சாம்பியன் சில்வியா டர்க்மன் இதை ஒரு முறையாக வளர்த்து உலகம் முழுக்கப் பரப்பினார். ஏ-ஃப்ரேமுக்கு ரேச்சல் சாண்டர்ஸின் பெட்டி முறை இருக்கிறது. குழாய்களால் செய்த சதுரச் சட்டத்தைத் தரையில் போட்டு, அதற்குள் கால் பதித்து வெளியேற நாயைப் பழக்கிவிட்டு, பிறகு அதே சட்டத்தை ஏ-ஃப்ரேமின் அடியில் கொண்டுபோய்ப் பொருத்துவது.

நின்றிறங்கும் கட்சி ஓடியிறங்கும் கட்சியைப் பார்த்துச் சொல்வது: “அது சூதாட்டம். ஒழுக்கம் இல்ல.” எனக்குச் சண்டை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

நாய் முழுப் பாய்ச்சலில் ஓடுவதை மொபைலில் மெதுவாக்கிப் பாருங்கள். முன்னங்கால்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தரையைத் தொட்டு எழும். உடனே உடம்பு வில்லாகச் சுருங்கி நாலு காலும் காற்றில் இருக்கும். முன்னங்கால் விட்ட இடத்தையும் தாண்டிப் பின்னங்கால்கள் வந்து விழும். அவை உதைத்ததும் உடம்பு நீண்டு, மறுபடி நாலு காலும் காற்றில். ஒரே சுற்றில் இரண்டு முறை பறக்கிறது. பெரிய நாய்க்கு இப்படி ஒரு சுற்று இரண்டு மீட்டரைத் தாண்டிவிடும். மஞ்சளோ 90 செ.மீ. அப்படியானால் கடைசியாகப் பின்னங்கால்கள் எங்கே உதைக்கின்றன என்பதுதான் எல்லாம். பட்டைக்குள் உதைத்தால் முடிந்தது, தொட்டாகிவிட்டது. பட்டைக்கு ஒரு சாண் மேலே உதைத்தால், அடுத்து வரும் நீண்ட பறப்பில் மொத்த நாயும் மஞ்சளுக்கு மேலாகவே போய்த் தரையில் இறங்கும். இன்னும் ரொம்ப மேலே உதைத்தால் முன்னங்கால் மஞ்சளில் விழ வாய்ப்புண்டு. அது அதிர்ஷ்டக் கணக்கு. சின்ன நாய்களுக்கு இந்தக் கவலை குறைவு, அவற்றின் அடி சின்னது, 90 செ.மீ.க்குள் எப்படியும் ஏதோ ஒரு கால் விழும். நீளமாக அடி வைக்கும் நாய்தான் மாட்டிக்கொள்கிறது.

இப்போது வேகத்தைப் போடுங்கள். நொடிக்கு 7 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 90 செ.மீ.யைக் கடக்க நொடியில் எட்டில் ஒரு பங்கு போதும். அந்த எட்டில் ஒரு பங்குக்குள், ஒரு சாண் இப்படியா அப்படியா என்ற வித்தியாசத்தில், நாய் ‘வேணும்னே’ தப்புச் செய்ததாம்!

மஞ்சள் நாயின் கண்ணுக்குத் தெரியாது என்று நான் சொல்லவரவில்லை. நாய்கள் உலகத்தைக் கறுப்பு வெள்ளையில் பார்க்கின்றன என்பது பழைய கதை. 1989ல் ஜே நைட்ஸும் அவர் சகாக்களும் செய்த ஆய்விலேயே நாய்க்கு இரண்டு வகைக் கூம்பு செல்கள் இருப்பது உறுதியானது. நீலத்தையும் மஞ்சளையும் அது நன்றாகவே பிரித்துப் பார்க்கும். பெயிண்ட் தெரிகிறது, சரி. பெயிண்டுக்குப் பின்னால் இருக்கும் விதிப்புத்தகம் எப்படித் தெரியும்? ‘தொடு’ என்று நாம் சொல்லும்போது எந்தக் காலால், எப்போது, எங்கே என்று எதுவும் அந்தச் சொல்லில் இல்லை. நின்றிறங்கும் நாய்க்கு ஒரு தெளிவான நிலை தெரியும்: கால் இங்கே, உடம்பு இப்படி. ஓடும் நாய்க்கு என்ன தெரிய முடியும்? தன் உடம்பு தெரியும். ஓடுகிறேனா, தாவுகிறேனா என்பது தெரியும். ஓடும்போது பின்னங்கால்கள் பிரிந்து பிரிந்து விழும், தாவும்போது இரண்டும் சேர்ந்து உதைக்கும். டர்க்மன் முறையின் சாமர்த்தியமே இதைப் பிடித்ததில்தான். மஞ்சளைத் தொடச் சொல்லிக் கொடுப்பதில்லை. ஓடு, தாவாதே என்று சொல்லிக் கொடுக்கிறார்கள்.

எப்படி? பலகையைத் தரையில் போடுகிறார்கள், உயரமே கிடையாது. எதிரே பொம்மை. நாய் முழு வேகத்தில் பலகைமேல் ஓடிப் போனால் பொம்மை கிடைக்கும். கடைசியில் தாவினால் கிடைக்காது. திட்டும் கிடையாது. சும்மா திரும்பி வந்து இன்னொரு தடவை. சரியாக ஓடுவது வழக்கமானபின் பலகையைச் சில சென்டிமீட்டர் உயர்த்துவார்கள். ஓட்டம் தாவலாக மாறினால் மறுபடி இறக்குவார்கள். இப்படியே மாதக்கணக்கில். கேட்கக் கொட்டாவி வருகிறது, செய்யும்போது இன்னும் மோசம். ஆனால் இந்தச் சலிப்பான வேலையில் ஒழிந்துகொள்ள இடமே இல்லாமல் ஒருவர் மாட்டிக்கொள்கிறார். அது நாய் இல்லை.

நாயின் கால் மஞ்சளுக்குள் இருப்பது எட்டில் ஒரு பங்கு நொடி. மனிதன் ஒன்றைக் கண்ணால் பார்த்து விரலை அசைக்க அதைவிட அதிக நேரம் ஆகும், ஏறத்தாழ கால் நொடி. நீங்கள் கிளிக்கரை அழுத்தி முடிப்பதற்குள் நாய் தரையில் ஒன்றரை மீட்டர் ஓடிப்போயிருக்கும். தாமதம்கூடப் பிரச்சினை இல்லை, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி தாமதித்தால் நாய் சமாளித்துக்கொள்ளும். பிரச்சினை, நாம் பார்க்கவே இல்லை என்பது. பார்த்ததாக நினைத்துக்கொள்கிறோம். நாய் உற்சாகமாக வந்தது, நல்லா இருந்தது, பொம்மையை வீசினோம். 240 பிரேமில் எடுத்த வீடியோவைப் போட்டால் அந்த எட்டில் ஒரு பங்கு நொடி முப்பது படமாக விரியும். அந்த முப்பதில் ஒன்றில்கூட மஞ்சளின் மேல் கால் இருக்காது. ஆக இன்று காலை பத்துத் தாவலுக்குச் சம்பளம் கொடுத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை போட்டியில் நாய் தாவினால் அதற்குப் பெயர் திமிரா? வாங்கின காசுக்கு வேலை செய்கிறது, அவ்வளவுதான்.

என் தொழிலில் இதற்கு ஒரு மரியாதையான பெயர் உண்டு: ‘யூசர் எரர்’. மென்பொருள் எழுதினவன் தப்பை, அதைப் பயன்படுத்தினவன் தலையில் எழுதி டிக்கெட்டை மூடுவது. அங்கேயாவது யூசர் திரும்பி வந்து கத்துவார். நாய் வாலை ஆட்டும்.

ஸ்கின்னர் 1948ல் புறாக்களை வைத்து ஒரு பரிசோதனை செய்தார். புறா என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும், குறிப்பிட்ட இடைவெளியில் தானியம் வந்துகொண்டே இருக்கும். கொஞ்ச நேரத்தில் ஒரு புறா வட்டம் சுற்ற ஆரம்பித்தது. இன்னொன்று தலையை ஆட்ட ஆரம்பித்தது. தானியம் வந்தபோது தற்செயலாக எதைச் செய்துகொண்டிருந்ததோ அதுவே சடங்காகிவிட்டது. அஜிலிட்டி மைதானத்தின் ஓரத்தில் நின்று பார்த்தால் அந்தப் புறாக்களை அடையாளம் கண்டுகொள்ளலாம். டாக் வாக் பக்கத்தில் ஓடும்போது “டச்! டச்! டச்!” என்று தொண்டை கிழியக் கத்துபவர், கடைசி மூன்றடியில் குனிந்து கையைத் தரைப்பக்கம் வீசுபவர், ஒரு காலைத் தட்டி மிதிப்பவர். என்றைக்கோ ஒருநாள் கத்தியபோது நாயின் கால் மஞ்சளில் விழுந்திருக்கிறது. அன்றிலிருந்து கத்துகிறார். புறா யார் என்பதில்தான் குழப்பம்.

‘ஒழுக்கம்’ பேசும் கட்சியின் யோக்கியதையையும் பார்த்துவிடுவோம். பயிற்சியில் நாய் நின்றிறங்கும்போது மூன்று நொடி நிற்கவைப்பார்கள், கோழித்துண்டு கொடுப்பார்கள். எல்லாம் அழகு. போட்டியில் கடிகாரம் ஓடுகிறது, ஹேண்ட்லருக்குக் கை நடுங்குகிறது. நாய் முழுதாக நிற்பதற்கு முன்பே, பாதி குனிந்த நிலையிலேயே விடுதலைச் சொல் வந்துவிடும். அடுத்த போட்டியில் நாய் இன்னும் கொஞ்சம் குறைவாக நிற்கும். அதற்கும் “ஓகே”. நாலாவது போட்டியில் நிற்கவே நிற்காது. “வீட்ல தங்கமா நிக்குது, போட்டியில மட்டும் வேலையைக் காட்டுது. அதுக்கு எல்லாம் தெரியும்.” உண்மைதான், எல்லாம் தெரியும். வீட்டில் ஒரு ஒப்பந்தம், மைதானத்தில் வேறு ஒப்பந்தம் என்பதை இரண்டு கால் மனிதரைவிட அது தெளிவாகப் புரிந்துகொண்டுவிட்டது. ஒப்பந்தத்தை மாற்றியவர் மேல் வழக்கு இல்லை, கடைப்பிடித்தவர் மேல் வழக்கு.

சூதாட்டம் என்று பார்த்தால் இதுதான் சூதாட்டம். ஓடியிறங்கும் முறையில் எத்தனை முறை ஓடியது, எத்தனை முறை பட்டது என்று எழுதிவைத்துக்கொண்டு அடுத்த உயரத்துக்குப் போகிறார்கள். சரியாகச் செய்பவர்களைச் சொல்கிறேன்.

ஏனென்றால் சரியாகச் செய்யாதவர்கள் என் கட்சியிலும் ஏராளம், அவர்கள் மேல்தான் எனக்குக் கோபம் ஜாஸ்தி. உலக சாம்பியன்ஷிப் வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு, ஆறு மாதக் குட்டியைப் பலகை ஏற்றி ஒரு நாளைக்கு ஐம்பது முறை ஓடவிடும் ஆட்கள் இருக்கிறார்கள். எலும்பின் வளர்தட்டு இன்னும் மூடவில்லை. அமெரிக்கன் கென்னல் கிளப் 15 மாதம் ஆகாத நாயைப் போட்டியில் விடுவதில்லை, எஃப்.சி.ஐ.யில் 18 மாதம். சும்மா வைத்த வயது வரம்பா அது? தரையில் கிடக்கும் பலகைமேல் குட்டி ஓடட்டும், அது வெறும் ஓட்டம். உயரம் காத்திருக்கும். இன்னும் சிலர் பலகைமேல் குறுக்கே கம்புகளை வைத்து அடியின் நீளத்தைக் கட்டுப்படுத்துகிறார்கள். கம்பு இருக்கும்வரை நாய் அழகாக அடி வைக்கும். கம்பை எடுத்த மறுநாள் பழைய கதை. சிலருக்கு இது வேலை செய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பலருக்கு அது கணக்கு வாத்தியார் பின்னால் நின்று விடையைச் சொல்லிக்கொடுப்பது மாதிரி.

அப்புறம் திருப்பம். நேராக ஓடி இறங்குவதைக் கற்றுக்கொடுத்துவிட்டு எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு, பாடத்திட்டத்தில் பாதி பாக்கி. இப்போதைய நடுவர்கள் டாக் வாக் முடிந்த கையோடு கூர்மையான வளைவு வைக்கிறார்கள். எந்தப் பக்கம் திரும்பணும் என்பதை நாய் மேலே இருக்கும்போதே தெரிந்துகொண்டு, அடியைச் சுருக்கி, உடம்பைச் சாய்த்து வரணும். நேராக ஓடும் ஓட்டமும் இதுவும் ஒன்றில்லை, தனியாகக் கற்றுக்கொடுக்க வேண்டியது. கற்றுக்கொடுக்காமல் மைதானத்தில் கூட்டிக்கொண்டுபோய், பலகையின் பாதியில் நாயின் பெயரைக் கத்தினால் அது திரும்பிப் பார்க்கும், அடி குலையும், தாவும். அதற்கும் பழி நாய்க்கு.

இந்த இடத்தில் உடம்பைப் பற்றியும் பேசியாக வேண்டும், இரண்டு கட்சியும் அதைத் துணைக்கு இழுப்பதால். 2013ல் வெளியான ஒரு பன்னாட்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 3,800 அஜிலிட்டி நாய்களைப் பற்றி அவற்றின் ஹேண்ட்லர்களிடம் கேட்டார்கள். மூன்றில் ஒரு நாய்க்குக் காயம் ஏற்பட்டிருந்தது. அதிகம் அடிபட்டது தோளும் முதுகும். காயத்துக்குக் காரணமாகச் சொல்லப்பட்ட தடைகளில் தாண்டும் கம்பத்தோடு ஏ-ஃப்ரேமும் டாக் வாக்கும் முன்வரிசையில் இருந்தன. ஆட்கள் சொன்னதைக் கேட்டு எழுதிய கணக்கு, ஆகவே இதை வைத்து நிற்பதே நல்லது என்றோ ஓடுவதே நல்லது என்றோ யாரும் கொடி நாட்ட முடியாது. ஆனால் நாயின் எடையில் சுமார் 60 சதவீதத்தை முன்னங்கால்கள் சுமக்கின்றன என்பது சாதாரண உடற்கூறு. சரிவில் முழு வேகத்தில் வந்து, பின்பகுதி மேலேயும் முன்பகுதி கீழேயுமாக நிற்கும்போது பிரேக் எங்கே பிடிக்கும் என்று யோசிக்க ஆராய்ச்சிப் பட்டம் தேவையில்லை. அதேபோல, ஓடி இறங்கும் நாய் மஞ்சளைத் தவறவிட்டு மேலேயிருந்து பறந்து விழும்போதும் அடி வாங்குவது அதே தோள். இரண்டு பக்கமும் நம் சோம்பேறித்தனத்தின் பாக்கியை நாயின் தோள்பட்டைதான் கட்டுகிறது.

மாதக்கணக்கில் வீடியோ பார்க்க நேரமில்லாதவர்கள் நிற்கவே பழக்கட்டும். தப்பே இல்லை. பழக்கினால் போட்டியிலும் நிற்கவைக்கணும், அந்த ஒன்றரை நொடி போனால் போகட்டும் என்று. அதுவும் முடியாது, இதுவும் முடியாது, ஆனால் பதக்கம் வேண்டும், தப்புக்கு ஒரு ஆள் வேண்டும் என்பவர்களுக்கு இந்த விளையாட்டு எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. ஓட்டப்பந்தயத்தில் தாங்களே ஓடலாம்.

கடைசியாக, போட்டியில் மஞ்சள் தவறியபின் நடப்பது. நடுவர் கையைத் தூக்குகிறார். ஹேண்ட்லர் அதைப் பார்த்துவிட்டு நிற்கிறார். நாய் அதற்குள் அடுத்த துணிக்குழாயை நோக்கி ஓடத் தொடங்கியிருக்கும். ஹேண்ட்லர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், நாய் திரும்பி ஓடி வருகிறது. வந்த நாயைப் படுக்கவைத்து, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் கழுத்துப்பட்டையைப் பிடித்து மைதானத்தைவிட்டு வெளியே கூட்டிப்போகிறார். கூட்டத்தில் சிலர் ஆமோதித்துத் தலையாட்டுகிறார்கள், கண்டிப்பான பயிற்சியாளர் என்று. கணக்குப் போட்டுப் பாருங்கள். தவறிய அடிக்கும் தண்டனைக்கும் நடுவே நாலைந்து நொடி. அந்த நாலைந்து நொடியில் நாய் செய்தது இரண்டு காரியம். அடுத்த தடையை நோக்கி ஆசையாக ஓடியது. கூப்பிட்டவுடன் திரும்பி வந்தது. விளையாட்டு பிடுங்கப்பட்டது இந்த இரண்டுக்கும்தான். மஞ்சளுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் நாய் பக்கத்திலிருந்து இல்லை. பத்துப் போட்டி இப்படிப் போனால், டாக் வாக் பக்கத்தில் வந்ததும் ஹேண்ட்லர் முகத்தைத் திரும்பிப் பார்த்தபடி மெதுவாக நடக்கும் நாய் ஒன்று உருவாகும். மஞ்சளைத் தொடும், ஆமாம். அதைக் காட்டி “பாத்தீங்களா, தெரியும்னு சொன்னேன்ல” என்பார்கள்.

நடுவர் கை தூக்கட்டும். நாயைக் குழாய்க்குள் ஓடவிடுங்கள், மிச்சத் தடைகளையும் முடிக்கட்டும். 5 ஃபால்ட், எழுதிக்கொள்ளட்டும். வெளியே வந்து பொம்மையைக் கொடுத்து, தண்ணீர் காட்டி, நிழலில் கட்டிவிட்டு மொபைலை எடுங்கள். பின்னங்கால்கள் எங்கே விழுந்தன, சேர்ந்து விழுந்தனவா பிரிந்து விழுந்தனவா, பலகை நடுவில் இருந்தபோது நீங்கள் என்ன கத்தினீர்கள் என்று பாருங்கள். திங்கட்கிழமை பலகையை இருபது சென்டிமீட்டர் இறக்கிப் போடுங்கள்.